நடுரோட்டில் ஒரு பூ

போர்ட்லேண்ட், அமெரிக்கா,
ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஃபோனிலாவது கூப்பிடக் கூடாதா என்று கேட்டிருந்தாய், நியாயம்தான். நான் எழுந்திருக்கும்போது உனக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம், வேறொன்றும் இல்லை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. புழுங்கலரிசி கிடைக்கிறது. முருங்கைக்காய் ஃப்ரீசர் துண்டுகளாக வரும், கடித்தால் நார்தான் மிச்சம். நீ அனுப்பிய சுண்டைக்காய் வற்றலை எண்ணி எண்ணிப் போடுகிறேன். காரை விற்றுவிட்டேன், இந்த ஊரில் நிறையப் பேர் சைக்கிளில் போகிறார்கள், உடம்புக்கும் நல்லது. ஜூன் பிறந்தும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

எதிர்வீட்டுக் கிழவியைப் பற்றிச் சொன்னேனே, மழையில் குடையில்லாமல் நாயோடு பேசிக்கொண்டே நடப்பவள். ஒன்றரை வருஷத்தில் என்னிடம் நாலு வார்த்தை பேசியதில்லை. போன மாதம் ஒரு காகிதத்தோடு வந்து கதவைத் தட்டினாள். எங்கள் முக்கில் ரோட்டிலேயே பெயின்ட் அடித்துப் படம் போடப் போகிறார்களாம், அக்கம்பக்கத்தார் சம்மதித்தால்தான் மாநகராட்சி அனுமதி தருமாம். நான் வாடகைக்கு இருப்பவன் என்றேன். "இங்கேதானே தூங்குகிறாய்?" என்று பேனாவை நீட்டினாள். வாடகைச் சீட்டைத் தவிர இந்த ஊரில் என் கையெழுத்தை யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை.

இது 1996-ல் செல்வுட் என்ற பகுதியில் ஆரம்பித்த பழக்கம். தெருக்காரர்களே நாற்சந்தியில் சாயம் தீட்டி, ஓரத்தில் பிளாஸ்கில் டீ, பிள்ளைகளுக்கு விளையாட்டு வீடு, புத்தகம் எடுக்கவும் வைக்கவும் ஒரு தட்டு என்று அமைத்துவிட்டார்கள். முதலில் கூடாது என்ற மாநகராட்சி, அப்புறம் இறங்கி வந்து அனுமதிக்க ஒரு சட்டமே போட்டது. சன்னிசைடு பகுதியில் 2001-ல் வரைந்த சூரியகாந்தி ஒன்று நாற்சந்தி முழுக்க விரிந்து கிடக்கிறது. டயர் ஏறி ஏறி மங்கும், தெரு கூடி மறுபடி தீட்டும். மங்காத பெயின்டாக இருந்தால் யார் வீட்டைவிட்டு வெளியே வரப்போகிறார்கள்?

போன சனிக்கிழமை தெருவை அடைத்துத் தீட்டினோம். சாக்பீஸ் கோடு ஏற்கெனவே போட்டிருந்தது. நடுவில் இருக்கும் மஞ்சள் பூவில் ஒரு இதழ் என் பங்கு. முட்டி போட்டால் தாரில் இருக்கும் பொடிக்கல் குத்தியது, அதனால் நம் ஊர் மாதிரி குந்தி உட்கார்ந்தேன். இரண்டு பொடியன்கள் அதேபோல உட்காரப் பார்த்துப் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார்கள். கிழவி என் பேரைக் கேட்டு, தப்பும் தவறுமாக நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். முடித்து எழுந்து தள்ளி நின்றால், கறுப்புத் தரையில் அந்த மஞ்சள். மார்கழியில் அம்மா சாணி உருண்டையில் செருகி வைக்கும் பூசணிப்பூதான், அக்கா. பனியில் நீ போய்ப் பறித்து வருவாய், நான் போர்வையை விட்டு வரமாட்டேன். டப்பா கழுவுகிற சாக்கில் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டேன்.

அம்மாவுக்குக் குனிய முடியாமல் இப்போது ஸ்டிக்கர் கோலம் என்று எழுதியிருந்தாய். வாசலுக்கு டைல்ஸ் போடட்டும், ஆனால் படிக்கு முன்னால் நாலடி மண்ணை விட்டுவைக்கச் சொல். பாப்பா எங்கே புள்ளி வைத்துப் பழகுவாள்?

அவள் காதுகுத்துக்கு எனக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது. பெரியப்பா பையனை மடியில் வைத்துக்கொள்ளச் சொல். சீருக்கான பணம் ஆவணிக்குள் வந்துவிடும், பேங்கில் ஏதோ பேப்பர் தகராறு. மாமாவிடம் அதை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

வயல் பாகத்துக்குப் பவர் பத்திரம் எழுதி அனுப்பச் சொன்னாயே, டைப் அடிக்கும் முன் சர்வே எண்ணை மாமா ஒருமுறை பார்த்துவிடட்டும். போன தடவை தப்பாக இருந்தது.

உன் தம்பி