மஞ்சளாக வந்ததெல்லாம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு டைமர் கத்தி எழுப்பிவிடுகிறது. உன் மகள் பள்ளிக்குப் போகிறாளாமே! நான் பார்த்தபோது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

நீயும் எலைசா என்ற ஆன்டிபாடிச் சோதனையால் ரத்த மாதிரிகளில் புரதம் அளக்க இறங்கிவிட்டாய் என்று படித்ததும் சந்தோஷம்தான், கொஞ்சம் பயமும்தான். "எலைசா கிட்டில் எல்லாம் எழுதியிருக்கிறதே, அப்படியே செய்தால் போதாதா?" என்கிறாய். நானும் அப்படி நினைத்தவன்தான். கேள்.

போன வருடம் பிளாஸ்மாவில், அதாவது செல்களைப் பிரித்தெடுத்த ரத்தத் திரவத்தில், பி.டி.என்.எஃப். அளந்தேன். நரம்பு செல்களை வளர்க்கும் புரதம். வேலை உனக்குத் தெரிந்ததுதான்: பிளேட்டில் இருக்கும் வெல் என்ற சின்னக் குழியின் அடியில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், இன்னொன்று வந்து மேலே ஒட்டும், அதன் வாலில் இருக்கும் என்சைம் நிறம் காட்டும். முதலில் நீலம். அமிலத்தை விட்டதும் சட்டென்று மஞ்சள். நோயாளிகளின் வரிசைகள் பளிச்சென்று மஞ்சளாக, ஆரோக்கியமானவர்களின் வரிசைகள் வெளிறிப்போய். நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ரீடரில் வைக்கும் முன்பே, கண்ணுக்கே தெரிந்தது. தெரிந்த அளவுகளை வைத்து வரையும் ஸ்டாண்டர்டு கர்வ் அழகாக வளைந்திருந்தது, ஒவ்வொரு மாதிரியையும் இரண்டிரண்டு வெல்லில் விட்ட டூப்ளிகேட்டுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. அன்றிரவு கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் மாதிரி நோட்டைப் புரட்டினேன். நோயாளிகளின் ரத்தத்தை, செல்களைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜில் ஒரே முறை, அதுவும் மெதுவாகச் சுழற்றியிருந்தார்கள். மற்றவர்களுடையதை இரண்டு முறை, இரண்டாவது முறை வேகமாக. மெதுவாகச் சுழற்றினால் தட்டணுக்கள் (பிளேட்லெட்) பிளாஸ்மாவிலேயே தங்கிவிடும். இந்தப் புரதத்தை மூட்டை மூட்டையாகச் சுமப்பதே அவைதான். ஃப்ரீசரில் உறைந்து உருகும்போது உடைந்து மொத்தத்தையும் கொட்டிவிடும். ரத்தம் உறையும்போதும் அவை இப்படித்தான் கொட்டும். அதனால்தான் உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் சீரத்தில் பிளாஸ்மாவைவிடப் பல மடங்கு வருகிறது. ஆக, அத்தனை உழைப்பில் நான் கண்டுபிடித்தது இரண்டு விதமான சுழற்றலுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை. கிட்டைக் குறை சொல்லவும் வழியில்லை. வெல்லுக்குள் போனதை அது சரியாகத்தான் எண்ணியது.

நம் பேராசிரியர் அந்தக் காலத்தில் அடையாளத்துக்கு ஒட்டிய கதிரியக்க அயோடினோடு மல்லுக்கட்டிய கதைகளைச் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? 1971-இல் ஸ்வீடனில் எங்வாலும் பெர்ல்மனும் அயோடினுக்குப் பதிலாக என்சைமை ஒட்டிக் காட்டினார்கள், நாம் பிழைத்தோம். ஆனால் ரத்தம் எடுத்த குழாயைப் பற்றிய கவலை அவருக்கும் இருந்தது, நமக்கும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. முதல் பிளேட்டிலேயே நாலைந்து மாதிரிகளை 2 மடங்கு, 4 மடங்கு, 8 மடங்கு என்று நீர்த்துப் பார். திரும்பப் பெருக்கினால் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். நீர்க்க நீர்க்க எண் ஏறிக்கொண்டே போனால் மாதிரியில் ஏதோ இடைஞ்சல் செய்கிறது. அல்லது புரதம் அளவுக்கு மீறி இருந்து இரண்டு ஆன்டிபாடிகளையும் தனித்தனியாக நிரப்பிவிட்டிருக்கும். மாதிரியையும் இரண்டாவது ஆன்டிபாடியையும் ஒன்றாக விடும் கிட்களில் இது நடக்கும். நிறைய இருக்கும் மாதிரி குறைவாகத் தெரியும். இதைச் செய்ய ஒரு பிளேட் வீணாகிறதே என்று கஞ்சத்தனம் பண்ணாதே.

கிட் வாங்கும் முன் உன் மாதிரிகள் சீரமா, இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுப்பது) சேர்த்த பிளாஸ்மாவா, எத்தனை முறை உருகின, யார் சுழற்றினார்கள் என்று எழுதி அனுப்பு. "எல்லாம் ஒரே மாதிரிதான்" என்று யாராவது சொன்னால், நோட்டை நீயே வாங்கிப் பார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்