தம்பி, அப்பாவின் படகை இறக்குவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் படகை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், ஓட்டுங்கள். 1948ஆம் ஆண்டு கிறிஸ்-கிராஃப்ட் என்ற அமெரிக்க நிறுவனம் கட்டிய மர மோட்டார் படகு, 17 அடி. கனடாவின் மஸ்கோகா ஏரியில் அதைப் பார்ப்பவர்கள் எல்லாரும் வார்னிஷைத்தான் புகழ்வார்கள். அப்பாவின் உழைப்பு தண்ணீருக்குக் கீழே இருக்கிறது.

கராஜில் ஜாம் போத்தல்கள் இருக்கும், எறிந்துவிடாதீர்கள். அவர் கழற்றிய பித்தளைத் திருகாணிகள், பலகை வாரியாக எண் ஒட்டி வைத்திருக்கிறார். ஒன்றை எடுத்து வளைத்துப் பாருங்கள். முறிந்த இடம் ரோஸ் நிறமாக இருக்கும். ஈரத்தில் துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் வலுவில்லாமல் மிஞ்சியிருக்கிறது. அதனால்தான் அத்தனையையும் சிலிக்கான் வெண்கலத்துக்கு மாற்றினார். திருகாணித் தலைகளை மூடும் மர அடைப்பான்களை எப்பொக்சியால் ஒட்டாமல் வார்னிஷில் தோய்த்தே அடித்தார், பின்னால் திறப்பவர் பலகையை உடைக்காமல் திறக்கட்டும் என்று. அந்தப் பின்னால் வருபவர் நீங்கள்தான்.

அடிப்பகுதியையும் பழைய முறையிலேயே கட்டினார்: உள்ளே சாய்வாக ஒரு பலகை வரிசை, அதன்மேல் பசை பூசிய கான்வாஸ், வெளியே நீளவாக்கில் மகோகனி. குளிர்காலம் முழுக்கக் காய்ந்தபின் பலகைகளுக்கு இடையே வெளிச்சம் தெரியும். பதறி அதில் இறுகும் பசை எதையும் திணிக்காதீர்கள். தண்ணீர் குடித்து மரம் ஊதும்போது இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கும். திருகாணி பிடி விடும், இல்லையேல் வங்கு (பலகைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) வெடிக்கும்.

இறக்குவதற்கு ஒரு வாரம் முன்பே உள்ளே பழைய கம்பளிகளை விரித்து, காலையும் மாலையும் நனையுங்கள். டிரெய்லரில் வைத்தே தண்ணீர் நிரப்பாதீர்கள். அந்தப் பாரத்தை இரண்டு மூன்று தாங்கிகள்மேல் ஏற்றினால் அடி வளைந்துவிடும். பிறகு பட்டைகளில் தொங்கவிட்டபடி ஏரியில் இறக்கி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். உள்ளே வரும் தண்ணீரை இறைக்கும் பம்புக்குக் கரை மின்சாரம் கொடுங்கள். படகின் 6 வோல்ட் பற்றரியை நம்ப முடியாது. முதல் சில மணி நேரம் தண்ணீர் கொட்டும், பயப்படாதீர்கள். மூன்றாம் நாளும் ஒரே இடத்தில் வந்தால் அது ஊறல் குறை அல்ல. ஏராக்கட்டையை (படகின் அடி நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) ஒட்டிய பலகையையும், சுழலித் தண்டு வெளியேறும் இடத்தையும் பாருங்கள். தண்டு சுழலும்போது அங்கே துளித் துளியாகச் சொட்டத்தான் வேண்டும். அங்குள்ள மரையை முழுக்க இறுக்கினால் சூடேறித் தண்டு தேயும்.

ஆண்டுக்கொரு முறை குத்தூசியால் பின்பலகையின் கீழ் மூலைகளைக் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் உளுத்துவிட்டது. வார்னிஷ் ஆண்டுக்கு இரண்டு பூச்சு போதும், 320 எண் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, வெயில் நேரடியாகப் படாத நேரத்தில்.

எஞ்சின் 95 குதிரைத் திறன், 6 சிலிண்டர். ஸ்டார்ட் செய்யுமுன் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அம்மாவும் பிள்ளைகளும் ஏறுமுன் அப்பா ஒருநாளும் இதைத் தவறவிட்டதில்லை. 12 வோல்ட் கார் பற்றரியிலிருந்து வயர் கொடுக்காதீர்கள்.

படகின் எண்ணை எழுதி அனுப்பினால், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் நியூபோர்ட் நியூஸில் உள்ள மரைனர்ஸ் அருங்காட்சியகத்தில் அதன் தொழிற்சாலை அட்டையின் (கட்டியபோது நிறுவனம் எழுதிவைத்த பதிவு) பிரதி கேட்கலாம். அப்பாவின் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இறக்கும் தேதி முடிவானதும் சொல்லுங்கள். மேலதிகமாக ஒரு பம்புடன் வந்து நிற்கிறோம்.

அன்புடன்,
அப்பாவின் நண்பர்கள்