புத்தகத்தை மூடச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். கடைசித் தேர்வு முடிந்து நான்கு நாட்களாகின்றன. முடிவு வர இன்னும் நாள் இருக்கிறது. வந்த பிறகு எழுதினால் மதிப்பெண்ணைப் பார்த்து நன்றி சொன்னதுபோல் ஆகிவிடும் என்றுதான் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். பெயர் போடக் கூடாது என்று உங்களில் பாதிப் பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். சரி, செய்த வேலையைச் சொல்லிக்கொண்டே போகிறேன், அவரவர் தம்மைக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

முதலில் என் குட்டை நானே உடைத்துவிடுகிறேன். 14 பிள்ளைகள், வாரத்தில் 3 மாலை, 4 மாதம் என்று இந்த மாலை வகுப்பைத் தொடங்கியபோது, உதவி என்றால் பாடம் நடத்துவது என்றே நினைத்திருந்தேன். முதல் இரண்டு வாரமும் நான் பேசினேன், அவர்கள் தலையாட்டினார்கள். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்." பலகை நிறைய எழுதிப்போட்டு, கை முழுக்கச் சுண்ணப்பொடியோடு வீட்டுக்குப் போகும்போது என்மேல் எனக்கே ஒரு மரியாதை வந்திருந்தது.

மூன்றாம் வாரம் கணக்கு ஐயா வந்தார். ஓய்வு பெற்றுப் பல வருடங்களான ஆசிரியர். பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டார். அப்புறம் எழுந்து, "எல்லாரும் புத்தகத்தை மூடுங்க, நோட்டையும் மூடுங்க" என்றார். ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். "இப்ப சார் சொன்னதுல என்ன ஞாபகம் இருக்கோ அதை எழுதுங்க."

பெரும்பாலான தாள்களில் நான்கு வரிகூட இல்லை. ஒருவன் தேதியை மட்டும் அழகாக எழுதியிருந்தான்.

ஐயா என்னைக் குறை சொல்லவில்லை, தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு நீங்கள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன், ஐயா. அந்த 14 தாள்களுக்கு என் முதல் நன்றி. அதற்குப் பிறகு நாங்கள் செய்த எல்லாமே அவற்றிலிருந்து வந்ததுதான்.

உளவியல் படிக்கும் தம்பி, நீ எழுதிக் கொண்டுவந்த இரண்டு பக்கத்துக்குத் தனி நன்றி. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு அது. கல்லூரி மாணவர்களில் ஒரு சாராரை ஒரு பகுதியைப் படித்துவிட்டு மறுபடியும் படிக்கச் சொன்னார்கள். மற்றவர்களைப் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தியிருந்தார்கள்: 81 சதவீதம், எதிரே 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழாகிவிட்டது. திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

அந்த ஐந்து நிமிடக் கணக்குதான் எங்கள் பிள்ளைகளை ஏமாற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தை மூன்றாம் முறை புரட்டும்போது எல்லாம் தெரிந்த முகமாகத் தெரியும். தெருவில் ஒருவரைப் பார்த்து "இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே" என்று நினைப்பது வேறு, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது வேறு. தேர்வறையில் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

ஆனால் இதைப் பெற்றோரிடம் விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறான், வெறும் தாளை வெச்சுக்கிட்டு மோட்டுவளையைப் பாத்துட்டு உக்காந்திருக்கான்" என்று ஒரு அம்மா கிட்டத்தட்ட அழுதுவிட்டார். தம்பியின் இரண்டு பக்கத்தைக் காட்டினேன். நம்பினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொறுத்துக்கொண்டார். அம்மா, அந்தப் பொறுமைக்கு நன்றி.

அட்டை வெட்டிக் கொடுத்த அக்காவுக்கு வருகிறேன். லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970-களில் பரப்பிய முறையாம், உங்களுக்கு எங்கிருந்து தெரிந்ததோ. அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தப்பாகச் சொன்னால் எங்கே இருந்தாலும் முதல் பெட்டிக்குத் திரும்பும். முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரத்துக்கு ஒருமுறை. பிள்ளைகள் முதல் பெட்டிக்கு 'ஜெயில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நன்றாகத் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்து மகிழ்ந்துகொண்டிருந்த கூட்டத்தை, தெரியாததன் பக்கம் தள்ளிவிட்டது அந்த ஜெயில்தான்.

சவ்வூடுபரவல் அட்டையை மறக்க முடியுமா? ஒரு பெண் அதைப் பதினோரு முறை ஜெயிலுக்கு அனுப்பினாள். அடர்த்தி குறைந்த கரைசலிலிருந்து அதிகமான கரைசலுக்கு நீர் போகும் என்பதை ஒவ்வொரு முறையும் தலைகீழாகச் சொல்லுவாள். எனக்கு வாய் துறுதுறுத்தது, சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று. அக்கா கண்ணாலேயே என்னை அடக்கினார். பன்னிரண்டாம் முறை அவளே அட்டையின் ஓரத்தில் எழுதினாள்: "தண்ணி எங்க கம்மியோ அங்க போகும்." அவ்வளவுதான், அடர்த்தியை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்துவிட்டாள். நான் பத்து நிமிடம் விளக்கியிருந்தாலும் இந்த ஒரு வரி வந்திருக்காது.

அடுத்து, கணக்கு வினாத்தாளைக் கலைத்துப்போட்ட அக்கா. உங்களைப் பிள்ளைகள் ஒரு மாதம் வெறுத்தார்கள், அது உங்களுக்கும் தெரியும். அதுவரை ஒரு பாடம் முடிந்தால் அதே பாடத்தில் இருபது கணக்கு போடுவார்கள். எல்லாம் சரியாக வரும். ஏனென்றால் எந்தச் சூத்திரம் என்று தலைப்பே சொல்லிவிடுகிறதே! நீங்கள் இருபடிச் சமன்பாட்டுக்குப் பக்கத்தில் பிதாகரஸ், அதற்குப் பக்கத்தில் கூட்டுத்தொடர் என்று அடுக்கினீர்கள். மதிப்பெண் சரிந்தது. ஒருவன் "வர்றதும் போச்சு" என்று நோட்டைத் தூக்கி எறிந்தான். நீங்கள் சமாதானம் சொல்லவில்லை, "தேர்வுத்தாள்ல பாடத்தோட பேரு போட்டிருக்குமா?" என்று மட்டும் கேட்டீர்கள். கடைசி மாதத்தில் கணக்கைப் பார்த்ததும் அவன் முதலில் செய்தது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது எந்த வகை என்று யோசித்ததுதான். நோட்டை எறிந்தவன்தான், ஆமாம்.

வழியில் நானும் ஒரு மாதிரித்தாளில் தப்பான விடையைக் கொடுத்து, மூன்று நாள் பிடிவாதமாக அதையே சரி என்று சாதித்தேன். பயந்துகொண்டே என்னிடம் வந்து வரிவரியாகக் காட்டிய மாணவிக்கும் நன்றி. இனி பயப்பட வேண்டாம், அம்மா.

விடைத்தாள் திருத்திய அனுபவமுள்ள ஐயா வந்தது இரண்டே நாள். ஆனால் அந்த இரண்டு நாளில் எங்கள் 'தப்பு நோட்டு' பிறந்தது. ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும்: தெரியவில்லையா, கேள்வியைத் தப்பாகப் படித்தோமா, கை தவறியதா, நேரம் போதவில்லையா. தெரியாமல் விட்டதுதான் அதிகம் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். பல பிள்ளைகளின் நோட்டில் கேள்வியைத் தப்பாகப் படித்ததுதான் முதலிடம். 'ஒப்பிடுக' என்றால் ஒன்றைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம், 'காரணம் கூறுக' என்றால் வரையறை. நேரத்துக்கும் ஐயாவே ஒரு கணக்குக் கொடுத்தார். மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண் என்றால் மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம் வைத்துக்கொள், கேள்வியை நிதானமாகப் படிக்கவும் கடைசியில் சரிபார்க்கவும் 30 நிமிடம் மிஞ்சும். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஏழரை நிமிடம். பிடித்த கேள்வியில் இருபது நிமிடம் குடியிருந்த பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இப்போது ஒரு அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மகள் எங்கள் 14 பேரில் ஒருத்தி. முதல் மாதம் வாசலோடு நின்றுவிடுவார். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நான் அஞ்சாவதோட நின்னுட்டேன் சார். வீட்ல புள்ளைக்கு ஒண்ணும் சொல்லித் தர முடியல. நான் என்ன பண்றது?" அட்டைக் கட்டைக் கொடுத்தோம். கேள்வியை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும், அவள் சொல்லும் பதில் பின்பக்கத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் அதோடு நிற்கவில்லை. பதில் ஒத்துப்போனாலும் "அப்படின்னா என்ன?" என்று கேட்டிருக்கிறார். விளையாட்டுக்காக இல்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. உராய்வு என்றால் என்ன, ஏன் வழுக்குகிறது, மின்சாரம் கம்பியில் மட்டும் ஏன் போகிறது என்று இரவு எட்டரைக்கு ஒரு மகள் தன் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். மழுப்பினால் அவர் விடமாட்டார், ஏனென்றால் அவருக்குப் புரியாது. நாங்கள் படித்தவர்கள் எல்லோரும் அவள் பாதி சொன்னதும் மீதியை நாங்களே நிரப்பிக்கொண்டு 'சரி' போட்டுவிடுவோம். எங்களில் யாராலும் அவர் செய்ததைச் செய்திருக்க முடியாது. ஐயா, உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்.

செவிலியர் அக்காவுக்கு இரண்டு நன்றி. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துப் பிள்ளைகளை விரட்டியதற்கு ஒன்று. அன்றன்றைக்குப் படித்தது தூக்கத்தில்தான் நினைவில் ஊறுகிறது என்று நீங்கள் சொன்னதை நம்பாதவர்கள்கூட உங்கள் அதட்டலை நம்பினார்கள். இரண்டாவது, தேர்வுக்கூடத்தில் கை நடுங்கும் அந்தப் பையனுக்காக. தேர்வுக்கு முன் பத்து நிமிடம், மனதில் இருக்கும் பயத்தை அப்படியே ஒரு தாளில் கொட்டச் சொன்னீர்கள். 2011-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் ரமீரெஸ், பைலாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைத்தான் பரிந்துரைத்திருந்தார்கள் என்று தம்பி பிறகு சொன்னான். பையன் என்ன எழுதினான் என்று யாரும் கேட்கவில்லை, தாளை அவனே கிழித்துப் போட்டான். நடுக்கம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் ஒரு தேர்விலும் பாதியில் எழுந்து வரவில்லை.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். 14 பேரில் இரண்டு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசியும் திரும்ப அழைத்துவர முடியவில்லை. என்னோடு இரண்டு முறை அந்தப் படி ஏறி வந்த தோழருக்கு நன்றி. அடுத்த வாரம் மறுபடி போவோம், தயாராக இருங்கள்.

இந்த மடலை எழுதி முடித்ததும் கணக்கு ஐயாவிடம்தான் முதலில் காட்டப் போனேன். வாங்கிப் படிப்பார் என்று பார்த்தால், கவிழ்த்து மேசைமேல் வைத்தார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் தள்ளினார். "பாக்காம எழுதுங்க. யாருக்கெல்லாம் நன்றி சொல்லணும்?"

எழுதினேன். மடலில் இருந்த எல்லோரும் வந்தார்கள், அதற்கு மேலும் இரண்டு பேர் வந்தார்கள். வகுப்பு நேரம் முடிந்த பிறகும் முகம் சுளிக்காமல் அறையைத் திறந்து வைத்திருந்த காவலாளி அண்ணன். தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, பலகையைத் துடைத்து, மூன்று பெட்டிகளையும் வரிசையாக எடுத்துவைத்த, எந்தத் தேர்வும் இல்லாத ஆறாம் வகுப்புப் பையன்.

அண்ணன், தம்பி, உங்கள் இருவருக்கும் நன்றி. பெட்டிகளை மறுபடி எப்போது எடுத்துவைக்க வேண்டும் என்று பையன் நேற்றே கேட்டுவிட்டான்.

அன்புடன்,
உங்கள் மாலை வகுப்பு ஒருங்கிணைப்பாளன்