சொந்த எடை

அன்புள்ள முருகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பரீட்சை முடியட்டும், எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அது முடிந்தே இன்றோடு பன்னிரண்டு நாள். இனிச் சொல்லச் சாக்கு இல்லை.

பி.இ. பரீட்சையைத்தான் சொல்கிறேன். நாம் வாங்கிய பட்டம் இல்லை. இங்கே சிங்கப்பூரில் ‘புரொஃபஷனல் இன்ஜினியர்’ என்று கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கான உரிமம். நான்கு வருட அனுபவம், இரண்டு கட்டப் பரீட்சை, அப்புறம் நேர்காணல். நம் ஊர்க் கான்கிரீட் விதிநூல் ஐஎஸ் 456-ஐ உருப்போட்டுத் தேறிய எனக்கு, இந்த வயதில் ஐரோப்பிய விதிநூலான யூரோகோடு! புத்தகம் பார்த்து எழுதலாம் என்பதால் ஆளாளுக்கு உருட்டுப் பெட்டியோடு வந்திருந்தார்கள். வாசலில் நின்று பார்த்தால் சாங்கி விமான நிலையம் மாதிரி இருந்தது. புரட்ட நேரம் கிடைத்தால்தானே.

அன்று இரவு அடித்துப்போட்டது போலத் தூக்கம். மறுநாள் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது, எட்டு மாதப் பழக்கம். மேசை முன் போய் உட்கார்ந்தேன். செய்ய ஒன்றுமில்லை. அப்போதுதான் பிடித்தது சனியன். ஒரு கணக்கில் பீமின் சொந்த எடையைச் சேர்த்தேனா, இல்லையா? 300-க்கு 600 மில்லிமீட்டர் கான்கிரீட் பீம், மீட்டருக்கு 4.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 450 கிலோ எடை. விடைத்தாளில் எழுதியது போலவும் இருக்கிறது, மனதுக்குள் போட்டதோடு விட்டது போலவும் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு விடை சொன்னார்கள். மியூட்டில் போட்டேன். வீட்டிலோ, சாப்பிடும்போது கிலோநியூட்டன் பேசக்கூடாது என்று உத்தரவு.

போன ஞாயிறு தேக்கா சந்தையில் காய் வாங்கிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் சிராங்கூன் சாலையிலேயே நடந்தேன், ஓவன் சாலை முனை வரைக்கும். 1986 மார்ச் 15-ஆம் தேதி ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து விழுந்த இடம். ஆறு மாடி, ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டம். 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். விசாரணையில் என்ன தெரிந்தது தெரியுமா? வடிவமைத்தபோது கட்டடத்தின் சொந்த எடையையே சேர்க்கவில்லை. உள்ளே வரும் ஆட்களையும் சாமான்களையும் கணக்கில் எடுத்தவர்கள் கான்கிரீட்டை விட்டுவிட்டார்கள். ஒரு கன மீட்டர் இரண்டரை டன் முருகா! 1971-இல் கட்டியது. பதினைந்து வருடம் எப்படித்தான் நின்றதோ. ஒருவர் போட்ட கணக்கை வேறொரு பொறியாளர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்ற சட்டம் 1989-இல் வந்தது அதற்குப் பிறகுதான்.

கையில் முருங்கைக்காய்ப் பையோடு அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். தேறாவிட்டால் மறுபடி எழுதிக்கொள்ளலாம். எடையைச் சேர்க்காமல் விட்டும் தேறிவிட்டால்? இப்போது உறுத்துவது இதுதான். திங்கட்கிழமை அலுவலகத்தில் சின்னப் பையன் ஒருவன் கணக்கோடு வந்தான். முதல் பக்கத்திலேயே சொந்த எடையைத் தேடினேன். ஒழுங்காகப் போட்டிருந்தான். பாராட்டினேன், எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை.

என் பெட்டி இன்னும் செருப்பு அலமாரி பக்கத்திலேயே கிடக்கிறது, பிரிக்காமல். மகள் தினமும் அதைப் பார்த்துவிட்டு, “அப்பா, ஊருக்குப் போறோமா?” என்கிறாள். டிசம்பரில் வருகிறோம். சனிக்கிழமை தாள்களை எல்லாம் வெளியே எடுத்துவிடுவேன். உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. கோடாலித் தைலம் கேட்காமலே வரும்.

உன்,
குமார்