ரப்பர் ஷீட்டு பிராஜெக்ட், உன் உதவி வேணும்

மக்கா,

சொகமா இருக்கியா? மைனிக்கு முட்டுவலி கொறஞ்சுதா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், மழைதான் விட்டபாடில்ல. நெட்டையன் மகளுக்கு கல்யாணம் உறுதியாயாச்சு, நீ வரலன்னா மார்த்தாண்டம் ஜங்ஷன்ல வச்சே உன்னை அடிப்பானாம், சொல்லச் சொன்னான், சொல்லிட்டேன். இப்பம் விஷயத்துக்கு வாறேன்.

ஃபைனல் இயர் பிள்ளைங்களுக்கு ஜீரோத் ரிவ்யூ, அதான் பிராஜெக்ட் டைட்டிலை உறுதி பண்ணுற மொத ரிவ்யூ, முடிஞ்சுது. எப்பவும் என்ன நடக்கும்னு உனக்கே தெரியும், நாங்க ஒரு லிஸ்ட் குடுப்போம், அதுல ஒண்ணை எடுப்பாங்க, இல்லன்னா நேரா பிராஜெக்ட் சென்டர், காசைக் கட்டினா கிட்டு, கோடு, ரிப்போர்ட்டு, வைவாவுல என்ன கேப்பாங்கன்னு கேள்வி பதில் வரைக்கும் கையில தந்துருவான். இந்த தடவை எனக்கு வந்த ஒரு பேட்ச், நாலு பேரு, லிஸ்டே வேண்டாம் சார் நாங்களே ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கோம்னு நிக்குதுவ. என்னன்னு கேட்டா ரப்பர் ஷீட் காயவைக்கது. எலக்ட்ரானிக்ஸ் பிள்ளைங்கடே!

அதுல ஒரு பொண்ணு குலசேகரம் பக்கம். அம்மா ரப்பர் பால்வெட்டுக்குப் போறவங்க, சொந்தமாவும் கொஞ்சம் மரம் உண்டு. உனக்கு இதை வெளக்கணும்னு இல்ல, உங்க வீட்டு அடுப்புக்கு மேல தொங்குன ஷீட்டு வாடையிலதான நாம ரெண்டு பேரும் செமஸ்டருக்குப் படிச்சோம். புகை போட தனி அறை இருந்தா 40 டிகிரியில இருந்து 60 டிகிரிக்குள்ள வச்சு நாலஞ்சு நாள்ல எடுத்துரலாம், 60 தாண்டினா குமிழ் விழுந்துரும். அறை இல்லாத சின்ன ஆளுங்க என்ன செய்வாங்க? நம்ம ஊருல ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை. ஷீட்டுல பூசணம் புடிச்சு, கிரேடு எறங்கி, கடைக்காரர் சொன்ன வெலைக்குப் போட்டுட்டு வரணும்.

அவ பிபிடி முடிஞ்சதும் பையில இருந்து நிஜமான ஷீட் ஒண்ணை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுக் காட்டினா. சுத்தி எல்லாம் தேன் நெறம், நடுவுல மட்டும் வெள்ளையா ஒரு திட்டு. "வெளிய காஞ்சிருக்கு சார், உள்ள ஈரம் கெடக்கு, கடையில இதைப் பாத்ததும் தனியாத் தூக்கிப் போட்டுருவாங்க." பொறவு ஒரு நோட்டு. மீன் வெயிட் போடுற தராசுல தெனமும் காலையில ஒவ்வொரு ஷீட்டையும் தூக்கி எடை எழுதி வச்சிருக்கா, ஓரத்துல மழை, வெயில்னு குறிப்பு. மழை நாள்ல எடை அப்படியே நிக்கி, ஒரு நாள் கூடக்கூட செஞ்சிருக்கு. எடை எறங்குறது நின்னா காஞ்சாச்சுன்னு அர்த்தம், அதை வச்சே ஃபேனையும் சூட்டையும் ஓட்டுற சின்னப் பெட்டி ஒண்ணு செய்யணும், அதுதான் பிளான். எனக்கு அப்பமே மனசு நெறஞ்சு போச்சு.

பேனல்ல முதல் கேள்வி என்ன தெரியுமா? "பேஸ் பேப்பர் எங்க?" அடிப்படையாக் காட்ட ஐஇஇஇ ஆராய்ச்சிப் பேப்பர் ஒண்ணு கையில இல்லன்னா அது பிராஜெக்ட்டே இல்லங்கற மாதிரி பேசுறாங்க. கடைசி ரிவ்யூல ஓடலன்னா மார்க்குக்கு யாரு பொறுப்பு, டைட்டிலை மாத்துங்கன்னு சொல்லியாச்சு. எனக்கு வந்த கோவம் இருக்கே! ஓடாமப் போனா ஏன் ஓடலன்னு அளந்து எழுதட்டும், அதுக்கு மார்க் போட முடியாதா? காசு குடுத்து வாங்கின கிட்டு முதல் நாளே ஓடும், அதுல அந்தப் பிள்ளை என்னத்த படிச்சுது?

சொந்த ஐடியான்னு வாறதெல்லாம் கொள்ளாம்னு நான் சொல்லல. இன்னொரு பேட்ச் கடல்ல இருக்க மீனவர்களுக்கு புயல் எச்சரிக்கை குடுக்க மொபைல் ஆப்புன்னு வந்தாங்க. அதுல ஒரு பையன் தூத்தூர்க்காரன், 2017 ஒக்கி புயல்ல அவன் மாமா திரும்பி வரல. யாரும் பேசல கொஞ்ச நேரம். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், ஆழ்கடலுக்குப் போறவங்ககிட்ட டவர் இருக்குமா மக்களேன்னு. அவனே தலையை ஆட்டி இல்லன்னான். ஆப்பை விட்டாச்சு, இப்பம் வள்ளத்துல உள்ள வயர்லெஸ் செட்டோட பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும்னு அளக்கப் போறாங்க. அவங்க ஊரு ஆளுங்ககிட்டயே கேட்டுட்டு வந்து சொன்ன விஷயம் அது. சின்னதுதான், ஆனா ஒரு செமஸ்டர்ல முடியும், முடிஞ்சா ஒருத்தருக்குப் பிரயோசனம்.

சரி, ரப்பருக்கு வாறேன். ஒரு வாரத்துக்குள்ள டெக்னிக்கலா பதில் எழுதிக் குடுத்தா திரும்பப் பாக்கலாம்னு ஒத்துக்கிட்டிருக்காங்க. ரெண்டு இடத்துல முட்டி நிக்கோம். சூடும் ஈரப்பதமும் அளக்குற டிஹெச்டி 22 சென்சாரை புகைக்குள்ள வச்சா கரிப்பிசின் படிஞ்சு எத்தனை நாள்ல பொய் சொல்ல ஆரம்பிக்கும்? பெட்டி சூடாகும்போது எடை பாக்குற லோடு செல் ரீடிங் நகருமே, அதை எப்படி சரிக்கட்ட? லோடு செல்லை பெட்டிக்கு வெளிய வச்சு உள்ள கம்பியில தொங்க விடலாம்னு ஒரு பையன் சொல்றான், எனக்குச் சரின்னுதான் படுது, ஆனா நீ பத்து ஃபேக்டரியில இதையே பாத்துக்கிட்டு இருக்கவன், நீ சொன்னா அதுக்கு வேற மதிப்பு.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் வீடியோ கால்ல வா. மேட்ச் இருக்குன்னு சொல்லாத, நானும் பாத்துட்டேன், அன்னைக்கு மேட்ச் இல்ல. பிள்ளைங்களை எம்புட்டு வேணும்னாலும் கேள்வி கேளு, தப்பா இருந்தா மொகத்துக்கு நேரா சொல்லு, வேற டைட்டில் எடுங்கன்னு மட்டும் சொல்லிராத.

நோட்டுல உள்ள பக்கங்களை போட்டோ எடுத்து இது கூடவே அனுப்பியிருக்கேன், முன்னாடியே பாத்து வை.