பழைய அடுப்பும் புது அடுப்பும்

பேர்கன், நோர்வே,
19.01.2025

அன்பின் மச்சான்,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தது. மகளின் விசயம் சரிவந்தது பெரிய ஆறுதல். முழங்கால் நோவுக்கு எண்ணெயை மட்டும் நம்பிக்கொண்டு இராதே, ஒருக்கால் டொக்டரிடம் காட்டு.

2022இல் கேஸ் இல்லாமல் போனபோது கோடிப்பக்கம் கட்டிய விறகடுப்பை, கேஸ் திரும்பி வந்த பிறகும் தங்கச்சி விடவில்லை என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டுச் சிரித்தேன். இரண்டு மாதமாக எங்கள் வீட்டிலும் அடுப்புக் கதைதான். உங்களுக்குச் சமைக்க, எங்களுக்குக் குளிர்காய. ஹோலுக்கு ஒரு விறகடுப்பு எடுக்கப் போகிறோம்.

"உங்கட நாட்டில எல்லாம் கரண்ட்தானே?" என்று கேட்பாய். சரிதான், இங்கே மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். நான் வந்த காலத்தில் ஆளில்லாத அறையிலும் ஹீற்றர் ஓடும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். 2021 கடைசியில் விலை ஏறத் தொடங்கியது. தெற்கே இருக்கிறவர்களின் பில்லில் ஒரு பங்கை அரசாங்கமே கட்டவேண்டி வந்தது. அதோடு போன இலையுதிர் காலத்தில் வீட்டுக்கு வீடு ஒரு கையேடு வந்தது: கரண்ட் இல்லாமல், தண்ணீர் இல்லாமல் ஒரு கிழமை சமாளிக்க ஆயத்தமாக இருங்கள் என்று. முந்தி மூன்று நாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போர்வை, மெழுகுதிரி, விறகு என்று அதில் ஒரு பட்டியல். மனிசி அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஒரு கிழமையோ? தொண்ணூறில போன கரண்டுக்கு நாங்கள் எத்தினை வருசம் ஜாம் போத்தில் விளக்கோட இருந்தனாங்கள்? இவையளுக்கு ஆராவது வகுப்பு எடுக்கலாம்."

ஆனால் விறகே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவளும் அவள்தான். "கலியாணம் கட்டி இங்க வருமட்டும் ஊதாங்குழல் பிடிச்சு ஊதினது காணும். அம்மா இருமி இருமித்தான் போனவா. இப்ப ஹோலுக்க கொண்டுவந்து வைக்கப்போறியளோ?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. விறகுப் புகையில் இருக்கிற நுண்துகள் நெஞ்சின் அடிவரைக்கும் போகும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விசயம். பேர்கன் ஏழு மலைக்கு நடுவில் கிடக்கிற ஊர். வருசத்தில் இருநூறு நாளுக்கு மேல் மழை, அது புகையைக் கழுவிக்கொண்டு போய்விடும். காற்றில்லாமல், வானம் வெளித்து, நிலம் உறைகிற நாளில்தான் கரைச்சல். குளிர்காற்று பள்ளத்தில் தேங்கிவிடும், மேலே சூடான காற்று மூடி போட்டதுமாதிரிக் குந்திக்கொள்ளும். வாகனப் புகை, அடுப்புப் புகை எல்லாம் அந்தச் சட்டிக்குள்தான். 2010 தை மாதம் நாட்கணக்காக அப்படி நின்றது ஞாபகம் இருக்கிறது.

அதனால் 2021 தை முதலாம் திகதியிலிருந்து, 1998க்கு முந்திய பழைய வகை அடுப்புகளை எங்கள் நகரசபை எல்லைக்குள் எரிக்கக்கூடாது. எங்கள் ஹோல் மூலையில் நிற்பது அந்த வகைதான். வீட்டோடு வந்தது, யோத்துல் 118. 1853இல் தொடங்கிய கொம்பனி அது, இந்த நாட்டில் அந்தப் பெயர் தெரியாத ஆள் இல்லை. கறுத்த வார்ப்பிரும்பு, நீளப் பெட்டிமாதிரி உடம்பு, நாலு குட்டைக் கால். அறுபது சென்ரிமீற்றர்க் கட்டையை நெடுக்காக உள்ளே தள்ளலாம். சட்டம் வந்ததிலிருந்து நாலு வருசமாக அதன் மேல் பூச்சாடி நிற்கிறது.

அந்த அடுப்பின் இரும்பிலேயே ஒரு பாட்டை வார்த்திருக்கிறார்கள். நாள் முடிந்ததும் இரவு நேரம்கெட்டு என் நெருப்பைப் புதைத்து வைக்கிறேன், என் நெருப்பு ஒருநாளும் அணையாதபடி கடவுள் அருளட்டும் என்று அர்த்தம் வரும். முதன்முதல் மகன் வாசித்து மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்கு உன் அம்மா கண்முன்னே வந்தார். இரவு சாப்பாடு முடிய, அடுப்புக்குள் நல்ல ஊமல் தணலாகப் பார்த்து ஒதுக்கி, சாம்பலால் மூடி, அகப்பைக் காம்பால் ஒரு தட்டுத் தட்டுவாரே. விடிய அதைக் கிளறிப் பன்னாடையை வைத்து ஊதினால் பற்றிவிடும். உங்கள் வீட்டுத் தணலைச் சிரட்டையில் வாங்கிக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் எத்தனை நாள் ஓடியிருப்பேன். நெருப்புப் பெட்டிக் காசு மிச்சம் என்று எங்கள் வீட்டில் ஒரு நினைப்பு.

அந்தப் பாட்டில் கேட்கிற வரத்தைத்தான் இப்போது இவர்கள் வேண்டாம் என்கிறார்கள். அடுப்பு தெரிந்தெடுக்க வெளிக்கிட்டபோது நான் முதலில் படித்தது இதுதான்: புதைத்து வைத்த நெருப்புத்தான் ஆகக் கூடுதலாகப் புகைக்கிற நெருப்பு.

எனக்கு இந்த ஊர் நெருப்பில் முதல் பாடம் 1988 மாசியில். வடக்கே, ஃபின்மார்க்கில், மீன் ஆலை விடுதி. வெளியே பதினைந்து பாகை உறைநிலைக்குக் கீழே. நான் பெரிய விறகு வித்துவான் மாதிரிக் கூடாரம் கட்டி அடுக்கி, கீழே கடதாசி வைத்துக் கொளுத்தி, வாயால் ஊதினேன். புகை மேலே போகாமல் என் முகத்துக்கே திரும்பி வந்தது. ஐந்து நிமிடத்தில் கட்டில் தெரியவில்லை. எங்களோடு மீன் வெட்டுகிற கிழவி ஒருத்தி பக்கத்து அறையிலிருந்து வந்தாள். ஒரு சொல் பேசவில்லை. குழாயில் இருந்த தகட்டுக் கைபிடியை ஒரு திருகுத் திருகினாள். புதினப் பேப்பர் ஒன்றைச் சுருட்டிக் கொளுத்தி, குழாய் வாய்க்குள் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹூ என்று ஒரு சத்தம். குளிர்ந்து கிடந்த புகைபோக்கி சூடேறி இழுக்கத் தொடங்கிவிட்டது, அறைப் புகை முழுக்க அந்த வாய்க்குள்ளாலேயே போனது. அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயால் ஊதுகிறவனை அவள் அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டிருப்பாள்.

சரி, புது அடுப்புக்கு வருவோம். விறகில் இருக்கிற சூட்டில் பாதிக்கு மேல் கட்டையில் இல்லை, கட்டை சூடாக வெளிவருகிற வாயுவில்தான் இருக்கிறது. பழைய அடுப்பு அதைப் புகையாக வெளியே அனுப்பிவிடும். புது அடுப்பில் இரண்டாவது காற்று என்று ஒன்று: உடம்புக்குள்ளாலேயே ஓடிச் சூடேறின காற்று, சுவாலைக்கு மேலே சின்னச் சின்ன ஓட்டைகளால் வந்து அந்தப் புகையையே எரிக்கும். கடையில் ஒன்றை மூட்டிக் காட்டினார்கள். கட்டையைத் தொடாமல், அந்தரத்தில், ஓட்டை ஓட்டையாக நெருப்பு நிற்கிறது. மனிசி குனிந்து கனநேரம் பார்த்தாள். வெளியே வந்து புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள். அங்கே சூட்டில் காற்று நடுங்கியதே தவிரப் புகை தெரியவில்லை. அன்றைக்குத்தான் அரைவாசிச் சம்மதம்.

அளவில்தான் நான் மாட்டப் பார்த்தேன். கடைக்காரன் எட்டுக் கிலோவாற் அடுப்பொன்றைத் தள்ளிவிடப் பார்த்தான், கண்ணாடிக் கதவோடு நல்ல வடிவான சாமான். "பெரிசா எடுத்தாக் குறைச்சு எரிக்கலாம்தானே" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நல்லகாலம், அந்தக் கிழமை புகைபோக்கி துடைக்கிறவர் வந்தார். நகரசபை அனுப்புகிற ஆள், நோர்வே மொழியில் 'ஃபையர்' என்பார்கள். நெருப்பை அடக்குகிறவனுக்கு என்ன பொருத்தமான பெயர் பார். கூரையிலிருந்து இறங்கி, கறுத்த கையோடு குசினி வாசலில் நின்று கணக்குச் சொன்னார். உங்கள் ஹோலும் குசினியும் சேர்த்து நாற்பது சதுர மீற்றருக்குள்தான். சுவருக்குப் பஞ்சு அடைத்து யன்னலும் மாற்றிவிட்டீர்கள். நல்ல குளிர் நாளிலேயே மூன்று கிலோவாற் காணும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் நாலு யூனிற் சூடு, அதில் மூன்று அறைக்கு வரும். எட்டுக்கு எரித்தால் மணிக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் போடவேணும், அரை மணியில் சட்டையைக் கழற்றுவீர்கள். பிறகு என்ன செய்வீர்கள்? காற்றை மூடுவீர்கள். மூடினால் புகை எரியாது, தாராகப் புகைபோக்கியில் படியும். ஒருநாள் அந்தத் தார் பற்றும்.

"பெரிய அடுப்பு வாங்கிற எல்லாரும் கடைசியில அதின்ர கழுத்தைத்தான் நெரிக்கினம்" என்றார், என் தமிழில் சொன்னால். காற்றை விட்டு, சின்னதாக, சுவாலையோடு எரியுங்கள், முடிந்தால் அணைய விடுங்கள், திரும்ப மூட்டலாம். தீக்குச்சி மலிவு என்று சொல்லிப்போட்டுப் போனார். என் வீட்டுச் சிரட்டைத் தணல் கணக்குக்கு நேர் எதிர்.

மூட்டுகிற விதமும் தலைகீழ். தடித்த கட்டை அடியில், மெல்லிய சிராய் மேலே, நெருப்பு உச்சியில். மெழுகுதிரிமாதிரி மேலிருந்து கீழே இறங்கும். கீழிருந்து கிளம்புகிற வாயு சுவாலைக்குள்ளால்தான் போகவேணும், அதனால் புகையாது. அறுபது வயதில் நெருப்பு மூட்டப் பழகினேன், மச்சான்.

சோப்புக்கல் பதித்த அடுப்பும் பார்த்தோம். நெருப்பு அணைந்த பிறகும் மணிக்கணக்காகச் சூட்டை விடும். ஆசைதான், ஆனால் கல்லு சூடேறவே நேரமெடுக்கும். இருநூறு கிலோவுக்கு மேல், எங்களுடையது பலகை வீடு, தளத்துக்கும் பயம். உள்நாட்டில் முப்பது பாகைக் குளிரில் பகல் இரவாக எரிக்கிறவர்களுக்கு அது சரி. பேர்கனில் தை மாதமே உறைநிலைக்குச் சற்று மேலேதான் சராசரி. பின்னேரம் நாலு மணிக்கு இருட்டி மழை தூற, கெதியாகச் சூடாகி விட்டால் போதும்.

கடைசியாக ஒரு விசயம், அதை மனிசிதான் கண்டுபிடித்தாள். நண்பர் ஒருவர் வீட்டில் விருந்து. அடுப்பு எரிகிறது, குசினியில் செத்தல் மிளகாய் தாளிக்கிறார்கள். தாளிப்புப் புகைக்குப் பயந்து, அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சுகிற விசிறியை முழு வேகத்தில் விட்டார்கள். ஹோல் அடுப்புக் கதவைத் திறந்ததும் புகை பொங்கி வெளியே வந்து எல்லாரும் பல்கனிக்கு ஓட்டம். இறுக்கமாகப் பூட்டின வீட்டில் விசிறி காற்றை உறிஞ்ச, புகைபோக்கியே மேலிருந்து கீழே இழுபடுகிறது. ஆகவே வெளிக்காற்றைத் தனிக் குழாயால் அடுப்புக்கே கொண்டுவருகிற வகைதான் எடுக்கவேணும் என்றாள். தமிழ் வீட்டுக்கு அது கட்டாயம். கடைக்காரன் இதைச் சொல்லவேயில்லை.

விறகுதான் இன்னொரு கூத்து. போன மாதம் ஆயத்தமாக, தெருவோரம் விற்ற ஒருவனிடம் 'காய்ந்தது' என்று மூட்டை மூட்டையாக வாங்கினேன். நண்பர் வீட்டு அடுப்பில் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் முனையில் நுரை தள்ளிச் சீறுகிறது. ஈரமானி குத்திப் பார்த்தோம், முப்பத்தொரு வீதம் ஈரம். இருபதுக்குக் கீழே வரவேணும். இப்போது ஓட்டை வைத்த பலகைக் கொட்டிலுக்குள் அடுக்கி, அடுத்த வருசத்துக்கென்று விட்டிருக்கிறேன். எல்லாம் 'பியோர்க்', நம்முடைய சொல்லில் பூர்ச்ச மரம். வெள்ளைப் பட்டை கடதாசிமாதிரி உரியும். அந்தப் பட்டையில் எண்ணெய், ஈரத்திலும் பற்றும். பன்னாடைக்கு இந்த நாட்டில் வேறு பெயர்.

முடிவாக எடுத்தது ஐந்து கிலோவாற், வார்ப்பிரும்பு, முப்பது சென்ரிமீற்றர்க் கட்டை போகும், வெளிக்காற்றுக் குழாயோடு. வடிவில் பெரிதாக ஒன்றுமில்லை. கதவுக்கு முன்னால் தளத்தில் முப்பது சென்ரிமீற்றர் கண்ணாடித் தகடு போடவேணும், பூட்டின பிறகு நகரசபைக்கு அறிவிக்கவேணும். பேத்தி ஓடித் திரிகிற வயது, அதனால் சுற்றிவர ஒரு கம்பி வேலி. வருசத்தின் ஆறாம் கிழமை கொண்டுவந்து பூட்டுவார்கள். இங்கே திகதி சொல்ல மாட்டார்கள், கிழமை நம்பர்தான். காற்று அசையாத நாளில் அதை மூட்டுவதில்லை என்று மனிசிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பழையதை அதே ஆட்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். பாட்டு வார்த்த தகட்டை மட்டும் கழற்றி வைக்கலாமோ என்று ஆணியைப் பார்த்தேன், துருவேறி அசையவில்லை. "கழற்றி எங்க கொழுவப்போறியள்?" என்று கேட்கிறாள். நேற்று அதற்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தேன்.

தங்கச்சியிடம் ஒன்று கேட்டு எழுது. அவவும் இரவில் தணலை மூடி வைக்கிறாவோ, இல்லை விடிய நெருப்புப் பெட்டிதானோ?

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்