முதலில் யூஎஸ்பியில் எடுத்து வை

கண்ணா,

லேப்டாப்பில் இடம் போதவில்லை, விண்டோஸ் கெட்டுப்போனால் மீட்பதற்கென டிஸ்க்கில் ஒதுக்கி வைத்திருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டாயாம். அவள்தான் சொன்னாள். என்னிடமே கேட்டிருக்கலாம். சரி, போகட்டும்.

அழிக்கலாம். ஆனால் முதலில் ஒரு யூஎஸ்பியில் ரெக்கவரி டிரைவ் செய்து வை. 32 ஜிபி இருந்தால் போதும். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், காலியானதாகப் பார்த்து எடு. லேப்டாப் கம்பெனியின் சொந்த ரெக்கவரி டூல் இருந்தால் அதிலும் ஒரு நகல் எடுத்துக்கொள். டிஸ்க் பூட்டிக்கொண்டால் திறக்க பிட்லாக்கர் கீயையும் எழுதி வை.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்ட்டிஷன்கள் வரிசையாகத் தெரியும். 10, 20 ஜிபி என்று பெரிதாக ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் கம்பெனி வைத்தது. அதை எடுத்தால்தான் சொல்லும்படி இடம் கிடைக்கும். 500 எம்பி, 1 ஜிபி அளவில் இருப்பது விண்டோஸின் சொந்த ரெக்கவரி, அதை விட்டுவிடு. 2024 ஜனவரியில் அந்தச் சின்ன பார்ட்டிஷனில் இடம் பத்தாமல்தான் பலருக்கு விண்டோஸ் அப்டேட் ஏறாமல் நின்றது. இஎஃப்ஐ என்று 100, 260 எம்பியில் ஒன்று இருக்கும், அதன் பக்கமே போகாதே. அது போனால் விண்டோஸ் பூட் ஆகாது.

ரைட் கிளிக்கில் 'டெலீட்' வராது. கட்டளை தட்டி வேலை வாங்கும் டிஸ்க்பார்ட்டில் 'ஓவர்ரைடு' சேர்த்தால் அழித்துவிடும், நிச்சயமா என்றுகூடக் கேட்காது. டிஸ்க் எண்ணையும் பார்ட்டிஷன் எண்ணையும் நிதானமாகப் பார். நீ அவசரக்காரன். காலியாகும் இடம் சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டி இருந்தால்தான் அதோடு சேர்க்க முடியும். நடுவில் வேறொரு பார்ட்டிஷன் இருந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? சின்ன வயதிலேயே நீயாக விண்டோஸ் போட்டவன். வீட்டில் யாருடைய கணினி நின்றாலும் உன்னைத்தான் கூப்பிடுவோம், எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும். அப்படிப்பட்டவன் இதைப் போய் அக்காவிடம் ஏன் கேட்டாய்? அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று உனக்குத் தெரியும். அன்றிலிருந்து இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க, நீ பேச வந்தது பார்ட்டிஷனைப் பற்றி இல்லை என்றுதான் தோன்றுகிறது.

நல்ல சம்பளத்தில் இருப்பவன் 15 ஜிபிக்கு ஏன் இப்படி அலைய வேண்டும்? வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல். அப்பா அன்றைக்குச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவரும் சுற்றிச் சுற்றி உன் லேப்டாப்பைப் பற்றித்தான் விசாரிக்கிறார்.

அவசரமாக இடம் வேண்டுமென்றால் ஹைபர்னேட்டை நிறுத்து, பழைய விண்டோஸை வைத்திருக்கும் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர் இருந்தால் டிஸ்க் கிளீனப்பில் நீக்கு. அதிலேயே பல ஜிபி கிடைக்கலாம். புது எஸ்எஸ்டி நான் வாங்கி அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. உன் லேப்டாப்பில் பொருந்துவது எந்த வகை, என்விஎம்இயா, சாட்டாவா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். மெசேஜ் போடாதே, கூப்பிட்டுச் சொல். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

யூஎஸ்பியில் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து பூட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அழி.

அம்மா